இரு நேரம் காட்டும் கைக்கடிகாரம்

காலத்தை அளந்து வாழ்வது தமிழருக்குப் புதிதன்று. நாளொன்றை அறுபது நாழிகையாகவும், ஏழரை நாழிகையை ஒரு சாமமாகவும் பகுத்துக் கண்டவர்கள் நம் முன்னோர். பாசறையில் இருக்கும் அரசனுக்கு, சிறு கலத்தில் நீரை அளந்து பொழுதறிவித்த நாழிகைக் கணக்கரைப் பற்றி முல்லைப்பாட்டு கூறுகிறது. மணி பார்ப்பதே தொழிலாகக் கொண்டவர் அன்றே இருந்தனர் என்பதை எண்ணும்போது, புகைவண்டி நிலையத்து எழுத்தனாகிய எனக்கு ஒரு சிறு பெருமிதம் உண்டாவதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் நான் இங்கே எழுதப் புகுந்தது பழம்பெருமையைப் பற்றியன்று. என் மணிக்கட்டில் இருக்கும் ஒரு கைக்கடிகாரத்தைப் பற்றி. அதன் சுற்றுவளையம் பாதி சிவப்பு, பாதி நீலம். அதில் 24 மணிக்கான எண்கள் உள்ளன. வழக்கமான மூன்று முட்களோடு, நாளுக்கு ஒருமுறை மட்டும் சுற்றிவரும் சிவப்பு நிறத்து நான்காம் முள்ளும் உண்டு. பல இலட்சம் ரூபாய் விலையுள்ள சுவிட்சர்லாந்துக் கடிகாரம் ஒன்றின் வடிவைத் தழுவி, சிறு நிறுவனம் ஒன்று செய்தது. நான் கொடுத்த விலை 11,000 ரூபாய்க்கும் குறைவு.

இதை முதன்முதலாகக் கட்டிக்கொண்டு அலுவலகம் சென்ற அன்று, என்னைவிட மூத்த எழுத்தர் ஒருவர் பார்த்துச் சிரித்தார். "என்னய்யா, வெளிநாட்டுக் கோடீசுவரன் கட்டுகிற கடிகாரம் உமக்கு எதற்கு? அதுவும் போலி!" என்றார். அச்சொல் எனக்குத் தைத்தது. வீட்டுக்கு வந்தும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன். இது போலிதானா? நம்மைப் போன்றோர் இதைக் கட்டிக்கொள்வது வெட்கத்துக்குரியதா? இக்கேள்விகளுக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவற்றையே சங்கத்து அன்பர்கள்முன் வைக்கிறேன்.

ஊருக்கொரு நேரம்

புகைவண்டி வருவதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. கதிரவன் உச்சிக்கு வரும்போது அவ்வூரில் நண்பகல் பன்னிரண்டு. நிலவுலகு ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகிறது. ஆகவே கிழக்கே உள்ள ஊருக்கு முன்னும், மேற்கே உள்ள ஊருக்குப் பின்னும் நண்பகல் வரும். மாட்டுவண்டியில் செல்பவனுக்கு இவ்வேறுபாடு ஒரு பொருட்டன்று. புகைவண்டியில் செல்பவனுக்கோ அதுவே பெருஞ்சிக்கல்.

இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதை 1840-ஆம் ஆண்டில் தன் நிலையங்கள் அனைத்துக்கும் இலண்டன் நேரத்தையே கொண்டது. பிரிஸ்டல் நகர நேரமோ இலண்டனுக்குப் பத்து நிமிடம் பின்தங்கியது. ஆகவே அந்நகர வணிக மண்டபத்துக் கடிகாரத்தில் இரண்டு நிமிட முட்களைப் பொருத்தினர்; ஒன்று ஊர் நேரத்துக்கு, மற்றொன்று இலண்டன் நேரத்துக்கு. அக்கடிகாரத்தை இன்றும் காணலாம். என் கையிலுள்ள நான்காம் முள்ளின் பாட்டன் அதுவே எனலாம்.

நம் நாட்டில் அப்பெருமை சென்னைக்கு உரியது. 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக் கூடம் ஒன்றை அமைத்தனர். கருவிகளைத் தாங்குவதற்காக அங்கு நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு நிலைய வளாகத்தில் நிற்கிறது. அங்கே பணியாற்றிய கோல்டிங்காம் என்பவர் 1802-இல் சென்னையின் நெடுங்கோட்டைக் கணித்தார். அதன்படி சென்னை நேரம் கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குத் தென்னாட்டின் முதல் புகைவண்டி ஓடிற்று. 1864 ஆகஸ்டில் ஜோலார்பேட்டையிலிருந்து நம் பெங்களூர்த் தண்டுக்குப் பாதை வந்தது. பம்பாய் நேரம் சென்னைக்கு அரை மணி பிந்தியது. கல்கத்தா நேரமோ அரை மணிக்கு மேல் முந்தியது. இரண்டுக்கும் நடுவில் இருந்தமையாலும், வானாய்வுக் கூடத்திலிருந்து தந்தி வழியே நேரத்தை அறிவிக்க முடிந்தமையாலும், நாட்டின் இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தையே கொண்டன. கல்கத்தாவில் வண்டி ஏறியவரும் நம் சென்னை நேரத்தைக் கணக்கிட்டே நிலையத்துக்கு வரவேண்டியிருந்தது. அந்நாளில் இரு நேரத்தை மனத்தில் சுமந்து திரிந்தவர் செல்வரல்லர். மூன்றாம் வகுப்புப் பயணிகளே.

அரை மணி வந்த கதை

1876-இல் சான்போர்டு பிளெமிங் என்னும் கனடா நாட்டுப் பொறியாளர் அயர்லாந்தில் ஒரு வண்டியைத் தவறவிட்டார். கால அட்டவணையில் காலை, மாலை என்பது மாறி அச்சாகியிருந்ததே காரணம். அதன்பின் 24 மணிக் கணக்கையும், உலகம் முழுமைக்குமான நேரப் பகுப்பையும் அவர் வற்புறுத்தி வந்தார். 1884-இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச் கோட்டையே உலகின் முதற்கோடாக ஏற்றது.

இந்தியாவில் 1905-இல் இருப்புப்பாதைகளும், 1906 சனவரி முதல் நாளிலிருந்து நாடும் ஒரே நேரத்துக்கு வந்தன. கிழக்கு 82½ பாகையை நடுக்கோடாகக் கொண்டதால், நம் நேரம் கிரீனிச்சுக்கு 5½ மணி முற்பட்டதாயிற்று. ஐந்து என்றோ ஆறு என்றோ வைத்திருந்தால் நாட்டின் ஒருபுறத்தார்க்குக் கதிரவனும் கடிகாரமும் மிகவும் விலகிப் போயிருக்கும். அரை மணி என்பது நடுவுநிலைமையான ஒரு சமரசம். அதையும் எல்லாரும் உடனே ஏற்கவில்லை. கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் பழைய நேரங்களை விடாது பற்றியிருந்தன. சென்னை மட்டும் தன் கடிகாரத்தை ஒன்பது நிமிடம் முன்தள்ளிவிட்டு அமைதியாக இருந்துவிட்டது. நம் பெங்களூரிலோ கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்தே கதிரவன் உச்சிக்கு வருகிறான்.

நேரம் என்பது வெறுங்கணக்கன்று, ஆட்சியின் அடையாளமும் ஆகும். இதை இலங்கைத் தமிழர் நன்கறிவர். 1996-இல் இலங்கை அரசு தன் கடிகாரத்தை முதலில் ஒரு மணியும், பின்னர் மாற்றி அரை மணியுமாக முன்னே வைத்தது. புலிகளின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. 2006 ஏப்பிரலில் அரசு பழைய 5½ மணிக்கே திரும்பிற்று. ஏறத்தாழப் பத்தாண்டுகள், ஒரு சிறு தீவுக்குள் சோதனைச் சாவடியைக் கடப்பவர் கடிகாரத்தையும் திருத்த வேண்டியிருந்தது.

வானூர்தியும் நான்காம் முள்ளும்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வானூர்திகள் கண்டங்களைக் கடந்து ஓயாது பறக்கத் தொடங்கின. ஓட்டுநர்க்குத் தாம் இறங்கும் ஊரின் நேரமும் வேண்டும். வான்வழிக் கணக்குகளுக்குரிய கிரீனிச் நேரமும் வேண்டும். 1953-இல் கிளைசின் என்னும் சுவிஸ் நிறுவனம் 24 மணி முகப்புள்ள கடிகாரம் ஒன்றைச் செய்தது. அடுத்துப் பான் அமெரிக்கன் வானூர்தி நிறுவனத்தோடு தொடர்புகொண்டு, ரோலெக்ஸ் நிறுவனம் தன் 'ஜி.எம்.டி. மாஸ்டர்' கடிகாரத்தை 1950-களின் நடுவில் வெளியிட்டது. பகலுக்குச் சிவப்பு, இரவுக்கு நீலம் என்று சுற்றுவளையத்தை இரு நிறமாக்கியது அதுவே. முதலில் வளையம் பேக்கலைட்டால் ஆனது. அது வெடித்துப் போனமையால் பின்னர் அலுமினியத்துக்கு மாறிற்று. ஆக, தொழில் செய்பவனின் கருவியாகப் பிறந்த அது, நாளடைவில் செல்வர் அணியும் அணிகலனாக மாறிவிட்டது. பான் அமெரிக்கன் நிறுவனம் 1991-இல் மூடப்பட்டது. அக்கடிகாரம் இன்றும் விற்கிறது.

எளியவனுக்கும் நேரம் உண்டு

விலையுயர்ந்ததைப் பார்த்து விலை குறைந்ததைச் செய்வது கடிகார உலகில் இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1867-இல் ரோஸ்கோப் என்பவர் உழைப்பாளிகளுக்கென்றே ஒரு சட்டைப்பைக் கடிகாரம் செய்து 20 பிராங்குக்கு விற்றார். உறுப்புகளை 57 ஆகக் குறைத்து, அழகு வேலைகளை நீக்கி, ஓட்டத்தை மட்டும் காத்தார். பிற கடிகாரத் தொழிலாளர் அவரை எள்ளினர். உலகத்துப் பாட்டாளிகளோ அவரை வாழ்த்தினர்.

கடிகாரம் எளியவன் கையில் இருப்பது ஆடம்பரமன்று, பாதுகாப்பு. 1891-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிப்டன் என்னும் ஊரில் இரு வண்டிகள் மோதிப் பலர் மாண்டனர். ஓட்டுநர் ஒருவரின் கடிகாரம் நான்கு நிமிடம் நின்று, பிறகு தானே ஓடியதே காரணம் என்றனர். அதன்பின்னரே இருப்புப்பாதைத் தொழிலாளரின் கடிகாரங்களுக்குக் கடுமையான விதிகளும் சோதனைகளும் அங்கு வந்தன.

ரோலெக்சை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ப் என்பவரே, தம் கடிகாரத்தை வாங்க இயலாதவர்க்காக டியூடர் என்னும் பெயரில் மலிவான கடிகாரங்களை வெளியிட்டார். 2018-இல் டியூடரும் சிவப்பு நீல வளையத்தோடு இரு நேரக் கடிகாரம் ஒன்றைத் தந்தது. 2022-இல் சப்பானின் செய்கோ நிறுவனம் இரு நேரம் காட்டும் இயந்திரத்தை மலிவாகச் செய்து, பிற நிறுவனங்களுக்கும் விற்கத் தொடங்கியது. அதன்பின்னரே இத்தகைய கடிகாரம் என் போன்றோர்க்கு எட்டிற்று.

எனினும் நம் ஊர்க் கதையே எனக்கு மிகவும் இனிக்கிறது. 1924-இல் தோக்கியோவில் ஒரு கடிகாரத்துக்கு 'சிட்டிசன்' எனப் பெயரிட்டனர். எளிய குடிமகனும் வாங்கத்தக்கது என்பதே அப்பெயரின் கருத்து. அந்தச் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961-இல் நம் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கிற்று. அங்கு செய்த புகழ்பெற்ற கடிகாரத்துக்கு 'ஜனதா' என்று பெயர் வைத்தனர். ஜனதா என்றால் மக்கள். குடிமகன் தந்தையாக, மக்கள் பிள்ளையாக வந்தனர்! ஜப்பானியர் வடிவைத் தழுவி இங்கே செய்த அதைப் போலி என்று எவரும் சொன்னதில்லை. திருமணத்தில் மாப்பிள்ளைக்குப் போட்டனர். பணி ஓய்வில் பரிசளித்தனர். 1980-களில் டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து ஓசூரில் டைட்டன் தொழிற்சாலையை அமைத்தன. மின்கலக் கடிகாரம் பெருகப் பெருக எச்.எம்.டி. நலிந்தது. 2016-இல் எச்.எம்.டி. வாட்ச்சஸ் நிறுவனத்தை மூட நடுவணரசு முடிவெடுத்தது. ஜாலஹள்ளியில் அதன் நினைவாக ஓர் அருங்காட்சியகம் உள்ளது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள்.

வழியும் போலியும்

இனி, அந்த மூத்த எழுத்தரின் சொல்லுக்கு வருவோம். நம் இலக்கண நூலார் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்தனர். வான்மீகம் முதல்நூல், கம்பரின் காப்பியம் அதன் வழிநூல். கம்பரைத் திருடர் என்று சொல்வார் எவருமிலர். ஏனெனில் அவர் தம் நூலை வான்மீகி பெயரால் விற்கவில்லை. கடிகாரத்துக்கும் இதுவே அளவுகோல் என்பது என் கருத்து. முகப்பில் பிறர் பெயரைப் பொறித்து விற்பது போலி, அது குற்றம். நம் 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் அதற்குச் சிறைத்தண்டனையும் தண்டமும் விதிக்கிறது. வடிவைத் தழுவிவிட்டுத் தன் பெயரைத் தானே பொறித்துக்கொள்வது வழிக் கடிகாரம். என் கடிகாரத்தில் அதைச் செய்தவரின் பெயரே உள்ளது. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வழிநூல் ஆசிரியன் முதல்நூலுக்கு இல்லாத ஏதேனும் ஒரு நயத்தைச் சேர்ப்பான். விலைக் குறைவு ஒன்றைத் தவிர என் கடிகாரம் எதையும் சேர்க்கவில்லை. அவ்வளவில் அதன் தகுதியும் சிறிதே. அதைப் பெரிதாகப் பேச நான் விரும்பவில்லை.

நான் வாங்கிய காரணம்

பிறகு ஏன் வாங்கினேன்? இதைச் சொல்லாவிடில் கட்டுரை நேர்மையாகாது.

என் தங்கை இலண்டனில் செவிலியாகப் பணிபுரிகிறாள். சில ஆண்டுகளுக்கு முன், மார்ச்சு மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தந்தையார் மருத்துவமனையில் நினைவோடு இருந்தார். ஆனால் நம்பிக்கை இல்லை. மகளின் குரலைக் கேட்க வேண்டும் என்றார். தங்கைக்கு இரவுப் பணி. "காலை எட்டு மணிக்கு வெளியே வந்துவிடுவேன், அண்ணா. அப்போது கூப்பிடு," என்று முதல்நாள் சொல்லியிருந்தாள். மருத்துவமனைக்குள் கைப்பேசியை அணைத்து வைக்கும்படி சொல்லியிருந்ததால், நான்தான் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. அங்கே எட்டு என்றால் இங்கே பிற்பகல் ஒன்றரை. இருபது ஆண்டுகளாக வண்டி நேரம் எழுதியவன் நான். கணக்கில் எனக்கு ஐயமே இல்லை.

ஒன்றரைக்குக் கூப்பிட்டேன். அப்பாவின் நினைவு ஒரு மணி அளவில் தவறிவிட்டிருந்தது. "ஏன் அண்ணா ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிடுகிறாய்? நான் குளிரில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேனே!" என்றாள் அவள். அன்று விடியற்காலையில்தான் இங்கிலாந்தில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணி முன்னே தள்ளியிருந்தனர். மார்ச்சுக் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர்க் கடைசி ஞாயிறு வரை வேறுபாடு ஐந்தரையன்று, நாலரை. அவளுடைய எட்டு மணி நமக்குப் பன்னிரண்டரை. பன்னிரண்டரைக்கு அப்பா கண்விழித்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவே அவர் காலமானார்.

தங்கை இன்றுவரை என்னை ஒரு சொல்லும் குறை சொன்னதில்லை. குறை என்னுடையதே.

அதன்பின்னரே இக்கடிகாரத்தை வாங்கினேன். இதில் ஒரு விந்தை உண்டு. ஆயிரக்கணக்கில் விற்பதாயினும் இலட்சக்கணக்கில் விற்பதாயினும், இத்தகைய கடிகாரங்களில் தனியே திருப்பக்கூடிய முள் பெரும்பாலும் ஒவ்வொரு மணியாகவே தாவும். அரை மணி அதற்குத் தெரியாது. நம் 1906-ஆம் ஆண்டுச் சமரசத்தைச் சுவிஸ் நாட்டார் கணக்கில் கொள்ளவில்லை. ஆகவே நான் சிவப்பு முள்ளை நம் நேரத்திலேயே விட்டுவிட்டுச் சுற்றுவளையத்தை வலப்புறமாக ஐந்தரைப் பங்கு திருப்பி வைக்கிறேன். என் கடிகாரத்து வளையம் பற்களில்லாமல் உராய்வால் நிற்பதாதலின் அரைப் பங்கிலும் நிற்கும். நம் ஊரில் இரவு ஒன்பது ஆகும்போது, சிவப்பு முள் வளையத்தின் பதினைந்துக்கும் பதினாறுக்கும் நடுவே நிற்கிறது. அங்கே பிற்பகல் மூன்றரை. புகைவண்டிக்காரனுக்குப் பதினைந்தரை என்பது விளக்காமலே விளங்கும்.

கைப்பேசியிலேயே உலக நேரம் தெரியுமே என்பீர்கள். உண்மை. எனக்குத் தெரியும்; என் தாயாருக்குத் தெரியாது. மாலையில் ஆஸ்டின் டவுனில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைக் கழற்றிச் சுவரில் அப்பாவின் படத்துக்கு அருகே ஆணியில் மாட்டுகிறேன். "டேய், அவளுக்கு இப்ப மணி என்னடா?" என்று முன்பெல்லாம் நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, இப்போது தாமே எழுந்து சென்று சிவப்பு முள்ளைப் பார்க்கிறார். "இப்பதான் வேலை முடிஞ்சிருக்கும், கொஞ்சம் சாப்பிடட்டும், அப்புறம் பேசு," என்கிறார்.

அதே ஆணிக்குப் பக்கத்து ஆணியில் அப்பாவின் ஜனதா தொங்குகிறது. காலையில் அதற்குச் சாவி கொடுப்பது என் முதல் வேலை. அது இன்றும் நன்றாகவே ஓடுகிறது.

ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் அக்டோபரிலும் கடைசி ஞாயிறன்று, நான் வளையத்தை ஒரு பங்கு திருப்ப வேண்டும். கடிகாரம் தானாக மாறாது. மலிவானதும் மாறாது, விலையுயர்ந்ததும் மாறாது. மனிதன்தான் நினைவு வைத்துக்கொள்ள வேண்டும். நுங்கம்பாக்கத்துத் தூண் முதல் என் மணிக்கட்டு வரை இவ்வரலாற்றை நான் படித்து அறிந்தது இவ்வளவே: நேரத்தை அளக்கக் கருவி போதும், அதைப் பேண அன்பும் கவனமும் வேண்டும்.

பெங்களூரில் வாழும் நம்மில் பெரும்பாலோர்க்கு இன்று ஒரு பிள்ளையோ உடன்பிறப்போ வேறொரு நேரத்தில் வாழ்கின்றனர். துபாயில் உள்ளவர் நமக்கு ஒன்றரை மணி பின். சிங்கப்பூரில் உள்ளவர் இரண்டரை மணி முன். விலையைப் பாராமல், பெயரைப் பாராமல், அவர்களுடைய மணியையும் உங்கள் வீட்டுச் சுவரில் ஓரிடத்தில் எழுதியாவது வையுங்கள். கடிகாரமே வேண்டும் என்பதில்லை. ஒரு துண்டுத் தாளும் போதும்.

முடிவாக ஒரு விண்ணப்பம். அழைப்பிதழில் அச்சிட்ட நேரத்துக்கே நம் சங்கத்து ஆண்டு விழா தொடங்குமாயின், கோல்டிங்காமும் பிளெமிங்கும் மட்டுமல்லர், நாழிகைக் கணக்கரும் நம்மை வாழ்த்துவர்.